வாழைக்கறை

ஆடியில் மண்டபத்துக்குப் பாதி வாடகை.
வேதக்காரர் வீட்டுக் கல்யாணங்களுக்கு அது தோது,
எனக்கும் மேடை ஒன்று கிடைத்தது.

ஷெர்லின் போனில் சொன்னாள்:
"ஓசூர் ரோஜா வேண்டாம் அக்கா,
பெட்டியில் வந்து இறங்குற ஆர்க்கிட்டும் வேண்டாம்.
எங்க வீட்டிலிருந்து பைக்கில்
அரைமணி தூரத்துக்குள்ள இப்போ என்ன பூக்குதோ
அதை மட்டும் வைங்க."

அவள் வீடு பூதப்பாண்டி.
மனசுக்குள் பைக்கை ஓட்டிப் பார்த்தேன்.

தோவாளைச் சந்தையில் விடியுமுன் மூன்று மணி.
பிச்சி விலை கேட்டால் கை சுடும், ஆடி வெள்ளி.
வெள்ளை அரளி சாக்கில் கிடந்தது.
"அரளி விஷமில்லியா?" என்றாள் பெண்ணின் அம்மா.
யாரும் தின்னப்போவதில்லை என்றேன்.
கோழிக்கொண்டை எட்டுக் கட்டு,
வாடாமல்லி, கொழுந்து,
யாரோ வேலியோரம் வெட்டிப் போட்டிருந்த இட்லிப்பூ.
தேரூர்க் குளத்தில் இடுப்பளவு நின்றவரிடம்
தாமரையை மொட்டாகவே கேட்டேன்;
இதழை ஒவ்வொன்றாய் உள்ளே மடித்துவிட்டால்
அது இரவுவரை மூடாது.

பச்சை ஃபோம் கட்டி வாங்குவதை விட்டு வருடம் இரண்டாகிறது.
நொறுங்கித் தூளாகும், எந்த மண்ணிலும் மக்காது.
பூவைக் குத்தி நிறுத்த வேறு ஏதாவது வேண்டும்.

வியாழன் ராத்திரி
ஆரல்வாய்மொழிக் கணவாயில் நுழைந்த காற்று
பொன்னையன் தோட்டத்தில்
நாற்பத்திரண்டு நேந்திரனைச் சாய்த்துப் போட்டது.
ஓணத்துக்கென்று எண்ணி வைத்திருந்த குலைகள்,
விரல் பருமன்கூட ஏறாதவை.

நான் வெட்டுக்கத்தியோடு போனபோது
அவர் ஒரு வாழைமேலேயே உட்கார்ந்திருந்தார்.
"எடுத்துக்கோ மக்களே, இனி மாட்டுக்குத்தான்."
தடைக்கு முப்பது தருகிறேன் என்றேன்.
என்னைப் பார்த்தார், கத்தியைப் பார்த்தார்.
ஐம்பதாக எண்ணிக் கொடுத்தேன்.
நூறு கொடுத்திருக்கலாம்.

வாழைத்தடைக்குள் சின்னச் சின்ன அறைகள்,
ஒவ்வொன்றிலும் தண்ணீர்.
ஈர்க்கால் துளை போட்டுக் காம்பைச் செருகினால்
தாகம் என்பதே தெரியாமல் நிற்கும் பூ.
மேடை நீளத்துக்கு அடுக்கினேன்,
கமுகம்பூவைப் பாளையிலிருந்து உருவித் தொங்கவிட்டேன்.
எல்லாம் ஒரு பக்கமாய்ச் சாய்ந்தே அமைந்தது,
காற்று போன பக்கமாய்.
"கொஞ்சம் நேராக்குங்க," என்றான் போட்டோ எடுக்கிற பெனடிக்ட்.
கேமராவைச் சாய்த்துக்கோ என்றேன்.
நேரமும் இல்லை.

ஏழு மணிக்கு முதல் எறும்பு வந்தது.
ஏழரைக்கு,
ஷெர்லின் யாருக்கோ கைகொடுக்கத் திரும்பியபோது
வெள்ளைச் சேலையின் முந்தி தடையில் உரசியது.
முதலில் வெறும் நீர்ச்சொட்டு.
பந்திக்குக் கூப்பிடுவதற்குள்
அதற்குப் பழுப்பு நிறம் வந்துவிட்டது.
சித்தி எலுமிச்சை கொண்டு வந்தாள்,
மாமி பவுடர் கொண்டு வந்தாள்,
எல்லோருக்கும் தெரியும், வாழைக்கறை போகாது.
நான் தூணுக்குப் பின்னால் நின்று
பாக்கிப் பணத்தை மனசிலிருந்து அழித்தேன்.

அவள் முந்தியைத் தூக்கி விளக்கில் பார்த்தாள்.
கோழிக்கொண்டை ஒன்றை ஒடித்து அதன்மேல் குத்தினாள்.
பத்து நிமிஷத்தில் அது கழன்று விழுந்தது,
கனம்.
பிறகு அவள் அதைக் கண்டுகொள்ளவில்லை,
அல்லது அப்படி நடித்தாள்.

பாக்கி முழுசாக வந்தது.
ஆவணியில் ஒரு போன்:
"மூணு தடவை ஊறப்போட்டேன் அக்கா, போகலை."
கோபமா என்று குரலில் பிடிபடவில்லை.
"அந்த வாழை யாரோடது?"

சொன்னேன்.
இப்போது ஓணத்துக்கு
அவர் தோட்டத்தில் வெட்ட எதுவுமில்லை என்பதையும் சொன்னேன்.

கொஞ்ச நேரம் சத்தமே இல்லை,
அவள் பக்கத்தில் குக்கர் மட்டும் விசிலடித்தது.
போனைப் பிடித்திருந்த என் கையைப் பார்த்தேன்.
பத்து நகத்தின் ஓரத்திலும் அதே பழுப்பு,
அதற்குப் பிறகு செய்த
நாலு மேடைகளுடையதும் சேர்ந்து.