இந்த வாரம் பூசணி குறைவு

லிங்கராஜபுரம் மேம்பாலத்தின் நிழலில்
கோலார் தக்காளியோடு நிற்கிறது ஒரு குட்டியானை.
'கேஜி ஹத்து ரூபாய், கேஜி ஹத்து ரூபாய்' என்று
பதிவுசெய்த குரல் கத்திக்கொண்டிருக்க
ஓட்டுநர் இருக்கையில் தூங்குகிறான் விற்பவன்.
போன ஆடியில் இதே தக்காளியை
எண்ணித்தான் வாங்கினேன்,
மூன்று, நான்கு, போதும் என்று.
இன்று ஐந்து கிலோ.
"அமுங்கினதும் இருக்கு அக்கா" என்றான் கண் திறக்காமல்.
இருக்கட்டும்.
எப்படியும் அமுக்கத்தான் போகிறேன்.

பூசைக்குக் கட்டிய சேலையை மாற்றவில்லை.
மாற்றினால் உட்கார்ந்துவிடுவேன்.
அகலச் சட்டியில் எண்ணெய், கொஞ்சம் தாராளமாக.
வெங்காயம், தட்டிய பூண்டு, ஒரு கிள்ளு சோம்பு.
பிறகு
வாரம் முழுக்க ஃபிரிட்ஜின் கீழ்த்தட்டில்
ஒருவரும் ஏறெடுத்துப் பாராதவை
வெளியே வருகின்றன.
தலை வாடிய கேரட்.
பாதி சௌசௌ.
மஞ்சள் பூசணிக் கீற்று.
பீட்ரூட் ஒரு விரற்கடைதான்,
அதற்குமேல் போட்டால் நிறம் காட்டிக்கொடுத்துவிடும்.

ஒன்பது வருடத்துக் கள்ளக்கணக்கு இது.
சகாயநாதனுக்குக் காய் ஆகாது.
கல்யாணமான மறுவாரம்
என் அவரைக்காய்ப் பொரியலைத்
தட்டின் ஓரத்தில் வேலிபோல் அடுக்கிவைத்துவிட்டு
ரசம் கேட்ட மனிதர்.
பீன்யாவில் லேத் ஓட்டுகிறார்.
மயிரிழை பிசகினாலும்
விரல் நுனியால் தடவிச் சொல்லிவிடுவார்.
நாக்கு மட்டும்
என் மிக்ஸியிடம் தோற்றுப்போனதாக
நம்பிக்கொண்டிருந்தேன்.

தக்காளி தோல் சுருண்டு, தண்ணீர் விட்டு,
விட்ட தண்ணீரைத் தானே குடித்து,
மேடையெங்கும் சிவப்பாய்த் துப்புகிறது.
ஜெசிந்தா வாசலில் நிற்கிறாள், ஹாலைப் பார்த்தபடி.
ஆறு வயதிலிருந்து கூட்டாளி.
சௌசௌத் தோலைக் காகிதத்தில் சுற்றிக்
குப்பைக்கூடையின் அடியில் புதைப்பது
அவள் பொறுப்பு.
"அம்மா, சீக்கிரம்! கிரிக்கெட்ல விளம்பரம் வந்துருச்சு."

ஆறவைத்துப் பாதியை ஜாரில் போட்டு
ஒரு சுற்று விட்டேன், அவ்வளவுதான்.
கரண்ட் போனது.

கேரட் கேரட்டாகவே தெரிந்தது ஜாரில்.
சௌசௌ கூட.
டிவி நின்ற வீட்டில்
நாற்காலி நகரும் சத்தம்.
அவர் வந்து நிலைப்படியில் நின்றார்.
நான் ஜாரை இரண்டு கையாலும் மறைத்தேன்.
ஜெசிந்தா எனக்கு முன்னால் வந்து நின்று
என்னை மறைத்தாள்.

ஒன்றும் கேட்கவில்லை.
கரண்டியை எடுத்தார்,
சட்டியின் ஓரத்தில் ஒட்டியதை வழித்தார்,
ஊதி, நாக்கில் வைத்து,
கொஞ்ச நேரம் கூரையைப் பார்த்தார்,
இரும்பைத் தடவும்போது பார்ப்பது போல.

"இந்த வாரம் பூசணி குறைவு."

எத்தனை நாளாய்த் தெரியும் என்று
வாய் வரைக்கும் வந்தது.
அவரே முந்திக்கொண்டார்.
"காயாப் போட்டா சாப்பிட மாட்டேன். ஆமா."
என்று விரல் நீட்டிச் சொல்லிவிட்டு
ஃபியூஸ் பார்க்கப் போனார்.

மிக்ஸியை அணைக்க மறந்திருந்தேன்.
கரண்ட் வந்ததும் அது தானாகவே எகிற,
மூடி ஒரு பக்கம், சிவப்பு ஒரு பக்கம்.
காலண்டரில் அந்தோணியார் அங்கி மேல் ஒரு சொட்டு.
என் பூசைச் சேலையில் பத்துப் பன்னிரண்டு.
துடைக்கத் துணி தேடியபோதுதான்
மூவரும் சிரித்துக்கொண்டிருப்பது தெரிந்தது.

மதியம் மக்ரோனி.
நாளைக்குத் தோசைக்குத் தொட்டுக்கொள்ள,
செவ்வாய்க்கிழமை முட்டை உடைத்து ஊற்ற,
மற்றதெல்லாம் பழைய ஐஸ்கிரீம் டப்பாவில்.
அவர் டேப்பைக் கிழித்துக் கொடுக்க,
ஜெசிந்தா ஸ்கெட்ச் பேனாவால்
எப்போதும் எழுதுவதையே எழுதி ஒட்டினாள்,
எப்போதும் விடும் அதே பிழையோடு:

தக்காலி மட்டும்.