பதினேழாவது கட்டம்

படிவத்தில் பதினாறு கட்டங்கள்.
கட்டிய ஆண்டு, தூண்களின் எண்ணிக்கை, கலைப்பாணி.
உரிமையாளர் பெயருக்கு
என் கட்டைவிரல் நீளத்தில் ஒரு கோடு.

கடியாபட்டியில் அந்த வீட்டுக்கு
நாற்பத்து மூன்று பங்காளிகள்.
ஈப்போவில் ஆறு பேர், கோவையில் ஒன்பது,
மீதிப் பேர் எங்கே என்று
மீதிப் பேருக்கே தெரியாது.
கதவைத் திறந்துவிட்ட அடைக்கப்பனுக்கு
நூற்றிருபதில் ஒரு பங்கு.

"வெள்ளையடிக்க நாற்பத்து மூணு கையெழுத்து வேணும்.
நெலையக் கழட்டி விக்க
ஒரு ராத்திரியும் ஒரு மினி லாரியும் போதும்"
என்றார், சிரிக்காமல்.
எதிர்வீட்டு வாசலில் அப்படிக் கழன்ற நிலையின் அளவுக்கு
ஒரு ஓட்டை. அதில் ஒரு ஆடு நின்றிருந்தது.

நான் எழுதினேன்: 'அடைக்கப்பன் மற்றும் பலர்.'
மற்றும் பலருக்கு முகவரி கிடையாது,
நோட்டீஸ் போகாது, மானியம் வராது.

அடுத்தது ஊருணிக்கரை மண்டபம்.
அது பாதுகாக்கப்பட்டது.
நீலப் பலகை அப்படித்தான் சொல்கிறது.
சிதைப்போருக்குச் சிறை, அபராதம்.
பலகையை அறைந்த ஆணியிலிருந்து
துரு வழிந்து கல்லில் இறங்கியிருக்கிறது,
ஒரு சாண்.

மண்டபத்திலிருந்து நூறு மீட்டருக்குள்
செங்கல் வைக்கக் கூடாது.
பஞ்சவர்ணம் கக்கூஸ் கட்ட மனுப்போட்டு ஒன்பது வருஷம்.
நாடாவின் மறுமுனையை அவளே பிடித்துக்கொண்டாள்.
நேர்கோட்டில் தொண்ணூற்றேழு.
வேம்பைச் சுற்றி அளந்தால் நூற்றியொன்று.
சட்டம் காக்கையைப் போலப் பறக்கிறது.
பஞ்சவர்ணம் இருட்டில்
வேம்பைச் சுற்றித்தான் நடக்கிறாள்.

தொண்ணூற்றேழு என்றே எழுதினேன்.
எழுதியபின் அவள் முகத்தைப் பார்க்கவில்லை.

புதிய சட்ட வரைவுக்குக் கருத்துக் கேட்பு,
தாலுகா ஆபீஸ் மாடியில், ஒரு செவ்வாய்க்கிழமை.
வந்திருந்த அதிகாரி
பாரம்பரியம் என்ற சொல்லைப் பதினொரு முறை சொன்னார்.
வேலையில்லாததால் எண்ணினேன்.

அடைக்கப்பன் எழுந்தார்:
"இடிக்காதேங்கறீங்க, சரி.
ஒரு ஓடு மாத்த யார் தருவா?
அதுவும் அந்தச் சட்டத்துல இருக்கா?"

இருபத்து மூன்றாம் பக்கத்தில் இருந்தது:
'தேவைக்கேற்பப் பரிசீலிக்கப்படலாம்.'

கடைசியாகப் பஞ்சவர்ணம்.
மைக்கைக் கையில் வாங்கவில்லை.
"மண்டபத்துல மழைக்கு ஒதுங்குறது நாங்க.
வெளக்குமாறு எடுத்துக் கூட்டுறது நாங்க.
போன வருஷம் தூண்ல கடப்பாரை போட்டவனை
வெரட்டிப் பிடிச்சது எம் மகன்.
பலகையில எங்க பேரு மட்டும்
சிதைப்போர்னு இருக்கு."

கருத்துகள் பதிவு செய்யப்பட்டன.
பிஸ்கட் தட்டில் இரண்டு மிஞ்சின.

அன்று இரவு லாட்ஜில்
ஸ்கேல் வைத்து ஒரு கட்டம் போட்டேன்,
பதினாறுக்குக் கீழே, ஓரம் கொஞ்சம் கோணலாக:
'இப்போது எங்கே ஒழுகுகிறது?'

வயதாகி எந்த வீடும் விழுவதில்லை.
ஒரு ஓடு நகர்கிறது, ஒரு மழை,
உத்திரத்தின் தலை நனைகிறது,
மறுமழைக்கும் அதே இடம்.
ஆறு வருஷம் கழித்து
பத்திரிகையில் 'திடீரென இடிந்தது'.

மேற்பார்வையாளர் எழுபது படிவங்களையும் திருப்பி அனுப்பினார்.
சிவப்பு மையில்: 'நெறிமுறையில் இல்லாதது. நீக்குக.'
படிவத்துக்கு நாற்பது ரூபாய் கூலி.
பதினேழாவது கட்டத்துக்கு எதுவும் இல்லை.
எழுபதிலும் அதை அடித்தேன், ஒற்றைக் கோட்டால்,
படிக்கிற மாதிரி.

ஆனால் அடைக்கப்பன் அதைப் போனில் படமெடுத்து
பங்காளிகள் குழுவில் போட்டிருந்தார்.

ஐப்பசி, இரவு பதினொன்று,
ஊர் பேர் தெரியாத நீண்ட எண்ணிலிருந்து ஒரு குரல்.
தமிழை யோசித்து யோசித்துப் பேசியது.
"ரெண்டாங்கட்டு, வடகிழக்கு மூலைன்னு எழுதியிருக்கீங்க.
அந்த மூலைக்கு எவ்வளவு ஆகும்?"

பதில் சொல்ல எனக்கு அதிகாரம் கிடையாது.
நாற்பது ஓடு, இரண்டு ஆள், மழை விட்ட ஒரு நாள்
என்றேன்.