பதினோரு நொடி

முதல் நாள் ராத்திரி பைகுல்லா விடுதியில்
உப்பில்லாத உருளைக்கிழங்குத் தட்டைச் சுற்றி
மூன்று பேர் உட்கார்ந்து சதி செய்தோம்.
சதி என்று யாரும் சொல்லவில்லை.
சுலபா, பிளான் என்றாள்.

அவள் பெயர் தன்னு சாங்வான். இருபத்திரண்டு வயது.
பத்தாயிரம் மீட்டரில் கடைசிச் சுற்றை
அறுபத்தைந்து நொடியில் முடிக்கிறவள்.
நாற்பத்திரண்டு கிலோமீட்டரை
இன்னும் ஒருமுறைகூட ஓடிப் பார்த்ததில்லை.
பேப்பரில் நேற்றே ஜெயித்துவிட்டாள்.
நாங்கள் மூவரும் "மற்றும் பலர்".

இரண்டு மணி முப்பத்தேழு நிமிடம்.
அதற்குள் வரும் முதல் இருவருக்கு விமானம்.

"மரீன் டிரைவ் வரைக்கும் அவளைக் கூட்டிட்டுப் போனா செத்தோம்"
என்றாள் பிளாண்டினா குஜூர், தோலை உரித்தபடி.
"அதுக்கு முன்னாடியே காலை வாங்கிடணும்."
முப்பதுக்கு அப்புறம் மாறி மாறிப் பாய்வது.
ஒருத்தி பிய்த்துக்கொண்டு போவாள்,
தன்னு துரத்திப் பிடிப்பாள்,
பிடித்த நிமிஷம் அடுத்தவள்.
கத்துக்குட்டிக்கு ஒரு வியாதி உண்டு,
யார் முன்னால் போனாலும் விடாமல் பின்னால் போவது.
எங்களுக்கும் இருந்தது,
முழங்கால் தேயும் வரை.

சீ லிங்கில் காற்று எதிரே வந்தது.
கடலுக்கு மேல் ஒதுங்க மரம் ஏது?
அவளையே சுவராக்கி
அவள் முதுகுக்குப் பின்னால் ஒற்றை வரிசையானோம்.
ஒரு தடவை திரும்பிப் பார்த்தாள்,
யாராவது முறை எடுப்பீர்களா என்று.
நான் அவள் பின்னல் நுனியின் சிவப்பு ரப்பரை
மும்முரமாகப் பார்த்துக்கொண்டிருந்தேன்.

இருபத்தைந்தில் தண்ணீர் மேசை.
சுலபா சற்றே அகலமாக ஓடினாள், அவ்வளவுதான்.
விதிப் புத்தகத்தில் அதற்குப் பெயர் கிடையாது.
மஞ்சள் நாடா கட்டிய பாட்டில்
மேசையிலேயே நின்றது.

வொர்லியில் ஆரம்பித்தோம்.
பிளாண்டினா, சுலபா, நான், மறுபடி பிளாண்டினா.
பாய்ந்தோம்; பாய்ந்தபின்
நிற்பதைப் போல் ஓடினோம்
அவள் முகத்தைப் படிக்க.
ஹாஜி அலியில் அவள் மூச்சில் விசில் கேட்டது.
பெடர் ரோடு ஏற்றத்தில் தோள் இரண்டும் காதுக்கு ஏறின.
மாடியில் பனியனோடு டீ குடித்துக்கொண்டிருந்தவர்
சலோ சலோ என்று யாருக்கோ கத்தினார்.
எனக்கென்று எடுத்துக்கொண்டு
போனேன்.

அவள் வரவில்லை.
வராத காலடிச் சத்தம் அவ்வளவு இனித்தது.

முப்பத்தைந்து வயதில் முதல் தடவையாக
எனக்கு முன்னால் யாரும் இல்லை,
கூரையில் கடிகாரம் சுமந்த வண்டி மட்டும்.
அதை நான் பார்க்கவில்லை.
பிளானில் கடிகாரம் இருக்கவில்லை.

நெஞ்சில் நாடா விழுந்தபோது
இரண்டு முப்பத்தேழு பதினொன்று.

மாலை போட்டார்கள். கை கொடுத்தார்கள்.
விமானத்தைப் பற்றி யாரும் பேசவில்லை.
சுலபா இரண்டாவது. பிளாண்டினா நான்காவது.
மூன்றாவதாக வந்தவள் நடைபாதையோரம் வாந்தி எடுத்தாள்,
புறங்கையால் வாயைத் துடைத்துக்கொண்டு
நேராக என்னிடம் வந்தாள்.
"தீதி, அந்த ஏத்தத்துக்கு என்ன பேரு?"
பெடர் ரோடு என்றேன்.
உதட்டுக்குள் ஒருமுறை சொல்லிப் பார்த்துக்கொண்டாள்.

எங்கே போயிருக்கும் பதினொன்றும்?
பாலத்தில் எடுக்காத முறைக்கு நான்கு,
மேசையோரம் இரண்டு,
மீதி அவள் முகத்தைத்
திரும்பித் திரும்பிப் பார்த்ததற்கு.
கூட்டினால் சில ராத்திரி பதினைந்து வருகிறது.

திங்கட்கிழமை மஸ்ஜித் ஸ்டேஷனில் டூட்டி.
கறுப்புக் கோட்டு, கொப்புளக் காலுக்கு ரப்பர் செருப்பு.
டிட்வாலா லோக்கல் வந்து நின்றது.
எண்ணத் தொடங்கினேன்.
முப்பது பேராவது இறங்கினார்கள்,
அதற்கு மேல் ஏறினார்கள்,
மீன்காரி ஒருத்தி கூடையை உள்ளே தள்ளிவிட்டு
ஒற்றைக் காலில் தொற்றினாள்,
யாருடையதோ ஒரு கை
அவளை உள்ளே இழுத்தது.
பதினொன்று.
வண்டி கிளம்பிவிட்டது.

டிக்கெட், என்றேன்
எதிரே வந்தவனிடம்.