மூன்றா எட்டா

பந்தயம் இதுதான்:
ஒரே முக்காலி, ஒரே மலை, ஒரே மதியம்.
முதலில் ஆறுக்கேழு ஃபிலிம்,
பத்து நிமிடம் கழித்து டிஜிட்டல்.
இரண்டையும் ஒரு மீட்டர் அகலத்துக்கு அச்சிட்டு
காபிக்கடைச் சுவரில் அருகருகே மாட்டினால்
எது எதென்று ஹால்கெய்ர் சொல்லிவிட வேண்டும்.
தோற்றவர் ஒரு பெட்டி பீர்.

பிப்ரவரி. லோஃபோட்டன்.
சூரியன் பாறைக்கு மேல் எட்டிப் பார்த்துவிட்டு
போதும் என்று இறங்கிவிடுகிற மாதம்.
விரல்நுனி மரத்துப்போயிருந்தது.
துறைமுகத்தில் படகுகள் நின்றிருக்கும்.
நான் பார்த்தது மலையின் ஓரத்தை மட்டும்.

ஃபிலிமில் பனி பனியாகவே விழுந்திருந்தது.
டிஜிட்டல் கோப்போ, திறந்தவுடன்,
உப்புப் போட மறந்த மீன்சாறு.

கூர்மையாக்குவது ஒரு விசித்திரமான கணக்கு.
படத்தை முதலில் மங்கலாக்கிக்கொள்ள வேண்டும்.
அந்த மங்கலை அசலிலிருந்து கழிக்க வேண்டும்.
மிஞ்சியதை அசலின் தலையிலேயே ஏற்ற வேண்டும்.
சாணை பிடித்தால் கத்தியில் இரும்பு தேயும்;
இங்கே எதுவும் தேயாது,
ஓரத்துக்கு ஓரம் ஒரு சின்னப் பொய் ஏறும்:
இருட்டுப் பக்கம் இன்னும் கொஞ்சம் இருட்டு,
வெளிச்சப் பக்கம் இன்னும் கொஞ்சம் வெளிச்சம்.

எண்பது வைத்தேன். போதவில்லை.
நூற்றைம்பது. மலையைச் சுற்றி
யாரோ சாக்பீஸால் கோடிழுத்தாற்போல் ஆனது.
நூற்றிருபதில் நிறுத்திக் கண்ணை மூடித் திறந்தேன்.
பாறையின் ஒவ்வொரு வெடிப்பும் எண்ணிக்கொள் என்றது.

மார்ச்சில் மாட்டினோம்.
ஹால்கெய்ர் மூக்கைக் கண்ணாடியில் ஒட்டிவைத்துப் பார்த்து
தப்பாகச் சொன்னான்.

படமெடுத்த அன்றிரவு அடித்த புயலும்
அதில் திரும்பாத ஒரு படகும் ஊருக்கே தெரியும்.
அதையும் இதையும் நான் சேர்த்து யோசிக்கவில்லை.

ராங்ஃப்ரிட் வந்தாள். கையுறையைக் கழற்றவில்லை.
மலைப்பக்கம் போகவே இல்லை அவள் கண்.
இடது கீழ்மூலையில், இரண்டு பெரிய படகுகளுக்கு நடுவே
என் சுண்டுவிரல் நகமளவு ஒரு முன்புறம்,
அதில் ஒரு எண்.
"நாற்பத்தெட்டு," என்றாள்.
நாற்காலியை இழுத்து உட்கார்ந்தாள்.
"நாற்பத்தெட்டுதானே?"

அவள் தம்பி ஷூரின் படகு நாற்பத்து மூன்று.
புயல் எச்சரிக்கை வந்தது ஒரு மணிக்கு.
நான் படமெடுத்தது ஒன்றரைக்கு.
அப்போதும் அவன் கரையில் கட்டிக் கிடந்தான் என்றால்
தெரிந்தே போயிருக்கிறான்.
இல்லை என்றால், பாவம், முன்பே போய்விட்டவன்.
நாற்பத்தெட்டின் சொந்தக்காரருக்கு
அன்று எங்கே கட்டினோம் என்று நினைவில்லை.
காப்பீட்டுக்காரர்கள் கேட்டுக்கொண்டே இருக்கிறார்கள்.
அவளும் கேட்கிறாள், அது பணத்துக்காக இல்லை.

வீட்டுக்கு வந்து அளவைப் பூஜ்யத்துக்கு இழுத்தேன்.
எட்டின் இடதுபக்கம் மெல்ல வாய் திறந்தது,
முழுக்கத் திறக்கவும் இல்லை.
சாம்பல் நிறத்தில் ஒரு முடிச்சு.
ஃபிலிமை விளக்குப் பலகையில் வைத்து
உருப்பெருக்கியால் குனிந்தேன்.
வெள்ளித் துகள்கள் எறும்புக்கூட்டமாய் மொய்த்தன.
மூன்று என்று நினைத்துப் பார்த்தால் மூன்று.
மூச்சு விட்டுவிட்டுப் பார்த்தால் எட்டு.

அந்த மூலையை மட்டும் அச்சிட்டுத் தரச் சொல்லியிருந்தாள்.
எந்த அளவில் என்று கேட்க அவளுக்குத் தெரியாது.
இரண்டு நாள் அச்சு இயந்திரத்தின் பக்கமே போகவில்லை.
ஜெயித்த பீர் வாசலிலேயே கிடந்து
மூன்று புட்டி குளிரில் வெடித்துப்போயின.

பூஜ்யத்தில் அச்சிட்டேன். தபாலில் அனுப்பினேன்.
போன் வந்தது.
"மங்கலாக இருக்கிறதே."
ஆமாம், என்றேன்.
"சுவரில் இருப்பது அவ்வளவு தெளிவாக இருந்ததே."
அது மலைக்காகச் செய்தது, என்றேன்.