வினைமுற்று

கிம்பாவில் செவ்வாய்க்கிழமை பதினொரு மணி.
நெமுரோவில் பத்தரை.
அரை மணி முன்னால் வாழ்கிறோம்,
அதனால் பைசா லாபமில்லை என்பான் டார்சி.

என் ஜப்பானிய வகுப்பில் மூன்றே பேர்.
நான்காவது மேசையில் மடிக்கணினி,
கேமரா முகத்துக்கு நேராக வரவேண்டும் என்று
அடியில் இரண்டு அகராதிகள்.
அவை வேறெதற்கும் திறக்கப்படுவதில்லை.

அவர்கள் சன்னலில் கடல் மூடுபனி.
எங்கள் சன்னலில் கோதுமைக் கிடங்கின் சுவர்.
திரையில் இரண்டும்
ஒரே வெள்ளை.

"கிகோஎமாஸ் கா?"
கேட்கிறதா?
இந்த வருடம் மூன்று பேரும்
பிழையில்லாமல் சொல்லப் பழகிய ஒரே வாக்கியம்.

பாடம் ஏழு: குடும்பம்.
இத்சுகி எழுந்து நின்றான்.
சட்டையை இழுத்துவிட்டுக்கொண்டு,
எங்களுக்காக மெதுவாக,
ஒவ்வொரு சொல்லாகக் கீழே வைத்தான்:
மாதத் தொடக்கத்தில்
மீன் பிடிக்கப் போன
என் அப்பாவின் படகு
நேற்று ராத்திரி
துறைமுகத்துக்குத்
திரும்பி

அங்கே உறைந்தது படம்.
பாதி திறந்த வாய்,
நெற்றிக்கு மேலே சுழலும் வட்டம்.

வந்ததா, வரவில்லையா
என்பதைக் கடைசி அசைவரை
கைக்குள் மூடி வைத்திருக்கிற மொழி.
"இங்கிலீஷ் என்றால் அப்போதே தெரிந்திருக்கும்"
என்று பொருமினாள் ப்ரான்வின்.
ஹேமிஷ் நாணயம் சுண்டலாமா என்றான்.
டார்சி சிரிக்கவில்லை.
அவன் அப்பா சுரங்கத்தில்.
இரண்டு வாரம் அங்கே, ஒரு வாரம் வீட்டில்,
இந்த முறை மூன்றாகிவிட்டது.

நான் மோடத்தை அணைத்துப் போட்டேன்.
அலுவலகத்துக்கு ஓடினேன்.
வயர் எல்லாவற்றையும் பிடுங்கித் திரும்பச் செருகினேன்.
மணி அடித்துவிட்டது.

மதிய உணவை விட்டுவிட்டு
டார்சி ஒரு மின்னஞ்சல் எழுதினான்.
புத்தகத்தில் இல்லாத அவனுடைய முதல் கேள்வி.
வேற்றுமை உருபு தப்பு.
திருத்தப் போன விரலை
மடக்கிக்கொண்டேன்.

மூன்று இருபத்தைந்துக்கு பதில் வந்தது.
வணக்கமில்லை, பெயரில்லை,
விட்ட இடத்திலிருந்து
ஒரே சொல்:
கிமாஷிதா.
வந்தது.

வகுப்பு காலி.
வாசலில் பஸ் உறுமிக்கொண்டிருந்தது.
செம்மண் புழுதியில் ஓடி
அவன் சன்னலைத் தட்டி
"கிமாஷிதா!" என்று கத்தினேன்.

கண்ணாடிக்குள் டார்சி
காதைத் தொட்டுக் காட்டினான். உதடு அசைந்தது.
கிகோஎமாசென்.
கேட்கவில்லை.
எதிர்மறை விகுதி, அட்சரம் பிசகாமல்.

நான் ஒரு கையைப் படகாகக் குவித்து
மறு கையைக் கரையாக நீட்டி,
ஓட்டுநர் ஹார்ன் அடிக்க அடிக்க,
மெதுவாகக் கொண்டுவந்து
முட்டவைத்தேன்.