இதர வகையில் குறைவு

கிட்டங்கிக்கு இரண்டு பூட்டு.
ஒரு சாவி எங்களிடம், மற்றது அரசாங்கத்திடம்.
இரண்டும் திரும்பினால்தான் கதவு திறக்கும்.
கல்யாணம் மாதிரி என்பான் தம்பி ஜெரோன்,
கல்யாணம் ஆகாதவன்.

முட்டத்தில் வெளிச்சவீட்டு ஒளி
சுற்றிவந்து தொடும் தூரத்தில்
பழைய ஐஸ் கம்பெனியை வாங்கி
அப்பா செப்பு வாலை வைத்தபோது
ஊர் மனு எழுதியது.
இருநூற்றுப் பன்னிரண்டு கையெழுத்து.
முதல் கையெழுத்து அம்மாவுடையது:
ம. பிலோமி, தெளிவாக, முகவரியோடு,
வாலை இருக்கிற அதே முகவரி.
கொடுத்துவிட்டு வந்து
அடுப்பில் நின்றவர்களுக்குக் கட்டஞ்சாயா போட்டாள்.
அப்பா ஒன்றும் கேட்கவில்லை.
அவளுடைய அண்ணன் எதனால் செத்தார் என்பது
அப்பாவுக்கும் தெரியும்.

நான் கணக்கு.
பதினாலு பீப்பாய்.
மாதம் ஒருமுறை அடைப்பைக் கழற்றி
கோல் இறக்கி
நனைந்த கோட்டைப் படித்து எழுதுவேன்.
குடித்ததில்லை, மோந்தே தெரியும்.
கிழக்குச் சுவரோரம் இருப்பதெல்லாம்
அவித்த சீனிக்கிழங்கும் கருப்பட்டியும்.
ஒன்பது மட்டும்
மழை விட்ட மறுநாள் வலைக்கூடம்:
ஈரக் கயிறு, உப்பு, தார்,
எங்கோ யாரோ கடித்துவைத்த கொய்யா.

அந்த ஒன்பதில்தான் பிரச்சினை.
அனுமதித்த குறைவுக்கும் மேல்
பதினோரு லிட்டர் காணோம்.

இன்ஸ்பெக்டர் முனிரத்தினம் தருமபுரிக்காரர்.
அடையாள அட்டையில் மதுவிலக்கு, பக்கத்திலேயே ஆயத்தீர்வை,
சண்டையில்லாமல் ஒரே வரியில்.
"யாரும்மா குடிச்சது?"
காத்து சார், என்றேன்.
மேற்குச் சுவரில் ஒரு சன்னல், ஐஸ் கம்பெனிக் காலத்தது.
கச்சான் அடிக்கும் மாதங்களில்
காற்று அதில் வைத்த வாயை எடுப்பதில்லை.
"காத்து கையெழுத்துப் போடுமா?"

போடாது.
ஆகவே அவரே ஒரு நாற்காலி கேட்டு வாங்கி
ராத்திரி காவலுக்கு உள்ளே உட்கார்ந்தார்.
கொசுவர்த்தி கேட்டார், தர முடியாது என்றேன்.
ஒரு பொறி போதும், பிறகு
கணக்கே தேவைப்படாது.
ஜெரோன் வெளியே இரண்டு பூட்டையும் அழுத்தினான்.
அதற்குப் பிறகுதான் நினைவு வந்தது,
அவருடைய சாவி அவருடைய பையில்.

விடியற்காலையில்
துருப்பிடித்த கம்பிகளுக்கு இடையே
ஒரு கை நீண்டது, சாவியோடு,
கொசு கடித்துத் தடித்த கை.
முத்திரை எதுவும் உடையவில்லை.
பீப்பாயை விரலால்கூடத் தொடவில்லை என்றார்.
ஆனால் சட்டை, மீசை,
பர்ஸுக்குள் இருந்த பிள்ளையின் போட்டோ வரை
வாசம் ஏறியிருந்தது.
"இதுவரைக்கும் தொட்டதில்லம்மா.
வீட்ல எப்படி நம்புவாங்க?"

பேரேட்டில் காரணம் என்ற கட்டத்தில்
அவர் கையாலேயே எழுதினார்:
காற்று.

பத்து நாளில் நாகர்கோவிலில் இருந்து திரும்பி வந்தது.
அப்படி ஒரு தலைப்பு இல்லையாம்.
அடித்துவிட்டு இதர என்று எழுதி
பக்கத்தில் சுருக்கொப்பம் வைத்தேன்.

கச்சான் நிற்கவில்லை.
மேற்கே நுழைந்து, பதினாலையும் துழாவி,
கிழக்கே ஓட்டிடுக்கு வழியாக ஊருக்குள் போகிறது.
கோயிலில் சாயங்கால செபமாலை நடக்கும்,
மீன் விற்று வந்தவர்கள் கால் கழுவுவார்கள்.
மனுவில் கையெழுத்திட்ட இருநூற்றுப் பன்னிரண்டு பேரும்
மூச்சு விட்டுத்தானே ஆகவேண்டும்.

நேற்று அம்மா கொடியில் துணி எடுத்தாள்.
படுக்கை விரிப்பை மடிக்கப் போனவள்
முகத்தோடு சேர்த்துப் பிடித்தாள்,
மடிக்கத் தேவையான நேரத்தைவிடக் கொஞ்சம் கூடுதலாக.
நான் பார்ப்பதைப் பார்த்துவிட்டு,
"மள வருது பிள்ளே," என்றாள்,
"மத்தத எடு."