ஆள் இருக்கு

பாலிசியின் பதினோராம் பக்கத்தில்
எறும்பு ஊர்ந்ததுபோல் ஒரு வரி:
இரவு ஒன்பது முதல் காலை ஆறு வரை
ஆளில்லா வண்டியில் வைத்த கருவிகளுக்கு
இழப்பீடு கிடையாது.

அதனால்தான்
அவிமோரில், மீன் வறுக்கும் கடைக்கு எதிரே,
பனி கண்ணாடியை மூட மூட
நான் மட்டும் வேனுக்குள்.
இன்றைக்கு என் முறை.
ஷோனாவும் லாக்லனும் கடை வெளிச்சத்தில்
கையைத் தேய்த்தபடி வரிசையில் நிற்கிறார்கள்.
மணி பத்தேகால்.
இந்நேரம் நான் வாசிப்பவள் இல்லை.
ஆள்.

முதுகுக்குப் பின்னால்
பெல்ட் போட்டுப் படுத்திருக்கிறது என் டபுள் பேஸ்.
அதன் கழுத்தடியில் ஒட்டுப்போட்ட விரிசலுக்கு
மதிப்பீட்டாளர் ஆயிரத்து இருநூறு பவுண்டு குறைத்தார்.
ஒட்டிய பிறகுதான் அது வாய்விட்டுப் பேசுகிறது என்றேன்.
அப்படியொரு கட்டம் அவர் படிவத்தில் இல்லை.
வரிசை எண் கேட்டார்.
அதுவும் இல்லை.
வயிற்றுக்குள் டார்ச் அடித்துப் பார்த்தால்
பழுதுபார்த்த யாரோ
பென்சிலில் எழுதிவைத்தது மட்டும் தெரியும்:
1911, மழை.
வரிசை எண் என்ற இடத்தில்
மழை என்று எழுதிக் கையெழுத்துப் போட்டேன்.
ஏற்றுக்கொண்டார்கள்.

மாதம் பதினான்கு பவுண்டு.
விருந்தாளி எவராவது ஆடும்போது
என் வயரில் தடுக்கி விழுந்தால்
இருபது லட்சம் வரை தாங்குவார்களாம்.
இத்தனை கல்யாணத்தில்
எந்த மாப்பிள்ளையின் மாமாவும் இதுவரை விழவில்லை.

விழுந்தது லாக்லன்தான்.
போன நவம்பருக்கு முந்தின நவம்பர், பெர்த்தில்,
மணப்பெண்ணின் அப்பா செக்கில் பெயரைத் தப்பாக எழுதி
கிழித்து, மறுபடி எழுதிய
இருபது நிமிடம்.
திரும்பி வந்தபோது
பக்கக் கதவு வாய் பிளந்து நின்றது.
அவனுடைய அக்கார்டியன் இல்லை.
என் பேஸை விட்டுவிட்டார்கள்.
திருடனுக்கும் இடுப்பு வலிக்குமே.

சம்பவ நேரத்தில் வண்டியில் இருந்தவர் யார்?
என்று கேட்டது படிவம்.
டபுள் பேஸ்
என்று எழுதி அனுப்பினான்.
திருமதி பர்னெட் போனில் கூப்பிட்டு
சிரிப்பை இருமலாக மாற்றிக்கொண்டு
வருந்துகிறோம் என்றார்.

இல்லாத பெட்டிக்கு
இன்னும் ஏழு தவணை பாக்கி.
இப்போது வாசிப்பது இரவல் பெட்டி.
அதில் ஒரு பொத்தான் அழுத்தினால் எழாது.
அந்தச் சுரம் வரும் இடத்தில்
ஷோனா ஒரு மூச்சு முன்னதாக
வில்லை இழுத்து மூடிவிடுவாள்.
ஆடுகிறவர்களுக்குத் தெரியாது.
போன மாதம் நல்ல பெட்டி ஒன்று கிடைத்து
ஒரு ராத்திரி வாசித்தோம்.
மூன்று பேருக்குமே
அந்த இடத்தில் கால் தடுக்கியது.

மரம் ஏற்றிய லாரி ஒன்று போகிறது.
உறைக்குள்ளிருந்து
தடித்த தந்தி தானாக முனகுகிறது.
முனகல் அடங்குமுன்
கைப்பிடி அசைகிறது.

வெளியிலிருந்து.
ஒரு கையுறை.
ஒருமுறை. இன்னொருமுறை.

கத்தலாம். ஹார்ன் அடிக்கலாம்.
என் வாயிலிருந்து வந்ததோ
ரயில் கழிப்பறைக்குள்ளிருந்து சொல்கிற அதே சொல்:
"ஆள் இருக்கு."

கை நின்றது.
"மன்னிக்கணும்" என்றது ஒரு குரல்.
மிதிபட்ட பனி நொறுங்கிக்கொண்டே தள்ளிப் போனது.
இந்தத் தெருவிலேயே
வெள்ளை வேன் மூன்று நிற்கின்றன.
தன் வண்டி என்று நினைத்திருக்கலாம்.
மன்னிப்புக் கேட்கிற திருடனாகவும் இருக்கலாம்,
இந்தப் பக்கம் எல்லோரும் கேட்பார்கள்.

லாக்லன் கண்ணாடியைத் தட்டினான்.
உள்ளிருந்து திறந்துவிட்டேன்.
"யாராவது வந்தாங்களா?"
"நீதான்."

அவன் அதற்குமேல் கேட்கவில்லை.
சூடு தாங்காமல் மீன் பொட்டலத்தை
என் பேஸ் மேலேயே வைத்தான்.
இன்வர்னெஸ் இன்னும் முப்பது மைல்.
எண்ணெய் ஊறி, வினிகர் வாசம்
உறைக்குள் இறங்கிக்கொண்டிருக்கிறது.

அது பன்னிரண்டாம் பக்கம்.
அதற்கும் கிடையாது.